வால் முளைத்த சேவல்

எங்கள் வீட்டில் கட்டில் ஒன்றுதான். இரவில் அதில் அக்காவும் அத்தானும் படுப்பார்கள், பகலில் நான். காலையில் நான் வேலை முடிந்து வரும்போது மெத்தை இன்னும் சூடாக இருக்கும். "இந்த வீட்டுல கட்டிலுக்கு மட்டும்தான்டா லீவே கிடையாது" என்பாள் அக்கா, தலையை வாரிக்கொண்டே. பிறகு அவர்கள் பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போவார்கள். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீன் குளிர்பதனக் கிடங்கு. அக்கா பேக்கிங் ஹாலில். அத்தான் மெயின்டனன்ஸில் வெல்டர். நான் ராத்திரியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதுவே ஜாஸ்தி என்று அத்தான் ஒருமுறை சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை.

கட்டிலில் படுத்தால் எதிர்ச் சுவரில் ஒரு படம் தெரியும். படத்துக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிடங்கின் கூரை, கூரையின் உச்சியில் ஒரு தகரச் சேவல். படத்தில் இருப்பதும் அதே சேவல்தான். அக்கா வரைந்தது.

சேவலைச் செய்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. கிடங்கு கட்டிய காலத்து ஃபிட்டர் எவனோ, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்காக எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்திருக்கிறான். அளவெடுத்துச் செய்கிற ஆள் இல்லை அவன். ஒரு கால் தடி, ஒரு கால் ஒல்லி. உடைந்த ரம்பத்தைக் கொண்டையாக ஒட்டியிருந்தான். கண்ணுக்கு ஒரு நட்டு. நெஞ்சை மட்டும் பயில்வான் நெஞ்சு போல அகலமாக வெட்டிவிட்டான். கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வால் கிடையாது. ஏதோ ஒரு புயலில் பிய்ந்து பறந்துவிட்டது. அது நாங்கள் யாரும் இங்கே வேலைக்குச் சேருவதற்கு முந்தைய கதை.

அக்கா அதை ஜன்னலோரம் உட்கார்ந்து பல லீவு நாட்களில் வரைந்தாள். எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரே படத்தைத் தினமும் தூக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டு கிடப்பவனுக்குச் சில விஷயங்கள் தெரிய வரும். அவள் அதை அழகாக்கப் பார்க்கவில்லை. தடிக்காலைத் தடியாகவே விட்டாள். சுத்தியல் எங்கே ஓங்கி விழுந்தது, எங்கே நழுவியது என்று பென்சில் நிழலிலேயே தெரிந்தது. துருவுக்கு அவளிடம் நிறம் இல்லை. டம்ளரில் மிச்சம் இருந்த டீயைத் தொட்டு வைத்தாள். அது காய்ந்ததும் நிஜத் துருவைவிடத் துருவாக இருந்தது. வால் பிய்ந்த இடம், கடித்து வைத்த பிஸ்கட் போல ஓரம் கொறகொறவென்று. படத்தின் மூலையில் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீராவிக் குழாயும் கொஞ்சம் வந்திருந்தது. அதிலிருந்து புகை மாதிரி ஒரு கீற்று சாய்ந்து போகும். "அது எதுக்குக்கா? சேவல் மட்டும் போதாதா?" என்று கேட்டேன். "அங்க இருந்துச்சு, வரஞ்சேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் கலை விளக்கம்.

அந்தச் சேவல் எங்களுக்கு வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை.

கிடங்கைக் குளிர வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கிறவரை சாது. வெளியே வந்தால் தரையோடு வெள்ளைப் புகையாக ஊர்ந்து வரும். முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் தொண்டை. முற்றத்தின் நடுவில் கம்ப்ரசர் ரூம், அதை ஒட்டி பேக்கிங் ஹால். ஒரு பக்கம் தெருவுக்கு முன் கேட். எதிர்ப் பக்கம் தண்டவாளத்தைப் பார்த்துப் பின் கேட்; எங்கள் ஜன்னலிலிருந்து சாய்வாகப் பார்த்தால் முன் கேட் இடது பக்கம், பின் கேட் வலது பக்கம். சைரன் அடித்தால் இரண்டில் ஒன்றுக்கு ஓட வேண்டும். எதற்கு என்பதைச் சேவல் சொல்லும். அலகு பார்க்கும் பக்கம் ஆவி போகும். முதுகைக் காட்டும் பக்கம் நாம் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், கையுறை கொடுப்பதற்கும் முன்னால். "சேவல் முதுகு, நம்ம மூஞ்சி." ஒத்திகை நடக்கும்போதெல்லாம் நாற்பது ஐம்பது பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்து, ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்து, ஒரே பக்கம் ஓடுவார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவள் தளபதி அக்கா. ஹாலிலேயே மூத்தவள். ஒத்திகையில் யாராவது நடந்து வந்தால் பூட்ஸைக் கழற்றி எறிவாள்.

காற்று காட்ட கம்பெனி ஒரு துணிக்குழல் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். முன்பு வைத்தது கிழிந்தது. புதிதுக்கு ஆர்டர் போட்டிருப்பதாக மேனேஜர் சொல்வார். போன மேனேஜரும் அதையேதான் சொன்னார்.

முன்பு ஒருமுறை நிஜமாகவே கசிந்தது. லோடிங்கில் இருந்த ஒருவர், உள்ளே மாட்டிக்கொண்ட ஆளை இழுக்கப் போய் நாலு மூச்சு இழுத்துவிட்டார். உயிர் இருக்கிறது. குரல் இல்லை. பேசினால் டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வரும். அவரை கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குப் பெயர் ஸ்பீக்கர். வைத்ததும் எங்கள் ஆட்கள்தான். எங்கள் இடத்தில் இரக்கம் அப்படித்தான் வரும். அன்றைக்கு மற்றவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள், வாலில்லாத சேவலின் முதுகைப் பார்த்து ஓடியதால்.

அப்படி இருந்ததற்குத்தான் வால் முளைத்தது.

தளபதி அக்கா ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். படத்தைப் பார்த்தாள். கிட்டே போய் மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்த்தாள்.

"அடியே, உயிரோட இருக்குடி. இப்ப கூவிடும்போல" என்றாள். பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, வெல்டருன்னு பேரு. பொண்டாட்டி பாவம் மொட்டைச் சேவலை வரஞ்சு மாட்டி வெச்சிருக்கா. அதுக்கு ஒரு வால் வெச்சுக் குடுக்க உனக்கு வக்கில்லையா?"

"அது கம்பெனிச் சொத்துக்கா" என்றார் அத்தான்.

"கம்பெனி கம்பியிலதான வீட்டுக்கு துணிக்கொடி கட்டியிருக்க? அப்ப தெரியலையா கம்பெனிச் சொத்துன்னு?"

எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. அவர் அவமானத்தை வாயில் காட்ட மாட்டார், காதில் காட்டுவார்.

அடுத்த லீவு நாளில் வாலைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து இறகு. ஒவ்வொன்றும் அரிவாள் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஓரத்தில் உளியால் கோடு போட்டு. துத்தநாகத் தகடு, வெயில் பட்டால் மின்னும். அத்தான் கையில் அப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தெருவில் நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். "இப்பத்தான்யா ஆம்பளையா நிக்குது!" என்று தளபதி அக்கா கீழேயிருந்து கத்தினாள். அத்தான் கூரையில் நின்று சேவலின் தோளைத் தட்டிக்கொடுத்தார். காது அப்போதும் சிவந்திருந்தது. அது வேறு சிவப்பு. அன்றைக்குக் காற்றே இல்லை. சேவல் அவர் திருப்பிவிட்ட பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

அக்கா மட்டும் ஜன்னலில் நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிடிக்காததை அவள் அப்படித்தான் சொல்வாள்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். அன்றைக்கு ஷிஃப்ட் முழுக்க கம்ப்ரசர் இருமிக்கொண்டே இருந்தது. "வால்வ் போயிருச்சு, காலைல கழட்டிடுவோம்" என்றார் ஆபரேட்டர். நான் வீட்டுக்கு வந்தபோது அத்தான் டீயை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இன்னைக்கு எங்களுக்கு ஆபரேஷன். வால்வ் மாத்தணும். நீ நிம்மதியாத் தூங்கு, நாட்டுக்கு நீ ரொம்ப முக்கியம்."

"உள்ள கேஸ் இருக்கும்போதேவா கழட்டுறீங்க?"

"அந்தப் பகுதியை மட்டும் மூடிட்டுத்தான் கழட்டுவோம். உன்னை மாதிரி பாதியில விட்டுட்டு ஓடுற ஆளுங்க இல்ல நாங்க."

அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் போனார்கள்.

தூக்கம் வரவில்லை. அலுப்பு ஓர் அளவைத் தாண்டினால் தூக்கம் கிட்டவே வராது. படத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கொண்டை. நட்டுக் கண். டீத் துரு. மூலையில் அந்த ஆவிக் கீற்று. சேவல் இடது பக்கம் பார்க்கிறது. ஆவியும் இடது பக்கம் சாய்ந்து போகிறது. அலகு பார்க்கும் பக்கம் ஆவி போகும்; படம் அதைத்தான் சொல்லியது. கண் அப்படியே ஜன்னலுக்கு நழுவியது. வெளியே நல்ல காற்று. குழாயிலிருந்து நீராவி வலது பக்கமாக, பின் கேட் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

சேவல் முன் கேட்டைப் பார்த்து நின்றது.

ரொம்ப நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் அலகும் ஆவியும் ஒரே பக்கம். வெளியே எதிரும் புதிரும். அக்காதான் தப்பாக வரைந்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் தடிக்காலைக்கூடத் திருத்தாதவள். அங்கே இருந்ததை வரைந்தவள்.

எழுந்து உட்கார்ந்தேன். சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்தேன். பெரிய நெஞ்சு, கொண்டை, வாலில்லாத பின்புறம். நடுவில் ஊசியைக் குத்தி டேபிள் ஃபேனுக்கு முன்னால் பிடித்தேன். அட்டைச் சேவல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. காற்று போகிற பக்கம். இன்னொரு துண்டை வாலாக ஒட்டினேன். பிடித்தேன். அது சடாரென்று சுற்றி ஃபேனையே முறைத்துப் பார்த்தது.

காற்றுக்கு எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கத்தை அது பின்னால் தள்ளும். நெஞ்சு அகலமாக இருந்தவரை நெஞ்சைத் தள்ளியது. இப்போது வால் அகலம். சேவல் இப்போதுதான் எல்லா ஊர்ச் சேவலையும் போல நேராகக் காட்டுகிறது. தப்பாகக் காட்டியதற்குப் பழகிய கூட்டம் கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது.

சைரன் அடிக்கவில்லை, இன்றைக்கே அடிக்கும் என்று எவன் சொன்னான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் அக்கா வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். பிறகு அத்தான் குரல் ஞாபகம் வந்தது: இன்னைக்கு எங்களுக்கு ஆபரேஷன். அக்காவுக்கு போன் போட்டேன். ஹாலில் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். அத்தானும் எடுக்கவில்லை. நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? ராத்திரி வேலைக்காரன், என் பெயரே அங்கே ஆந்தை. ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

தெருவில் ஓடுகிறவனை யாரும் கவனிப்பதில்லை. படத்தோடு ஓடுகிறவனைக் கவனிப்பார்கள். டீக்கடைக்காரர், "என்னப்பா, வாடகை குடுக்கலையா, சாமானோட ஓடுற?" என்றார்.

முன் கேட்டில் ஸ்பீக்கர் அண்ணன் இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சேவல் தப்பாக் காட்டுது."

அவர் என்னையும் படத்தையும் பார்த்தார். "ஆந்தைக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்?" அதைச் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு ஆனது. சிரித்தார். அதற்கும் ஒரு மூச்சு.

"விளையாட்டு இல்லண்ணே. வால் வெச்சதுல திரும்பிக்கிச்சு. இந்தப் படத்தைப் பாருங்க. அலகும் ஆவியும் ஒரே பக்கம். இப்ப மேல பாருங்க."

அவர் அலட்சியமாகத்தான் தலையைத் தூக்கினார். தூக்கிய தலை இறங்கவில்லை. நீராவி பின் கேட்டை நோக்கிப் போவதைப் பார்த்தார். சேவல் எங்களை, முன் கேட்டை, நட்டுக் கண்ணால் முறைப்பதைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொண்டையே அவருக்கு எல்லாம் விளக்கியிருக்கும்.

"உள்ள போ. மேனேஜர்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

சைரன் அடித்தது.

ஒத்திகைச் சைரன் விட்டு விட்டு அடிக்கும். இது விடவில்லை. கம்ப்ரசர் ரூமின் கதவு அடியிலிருந்து வெள்ளையாக, பால் பொங்கி வழிகிற மாதிரி, சத்தமில்லாமல் வந்தது. காற்று அதைப் பின் கேட் பக்கம் தள்ளியது. பேக்கிங் ஹால் கதவு திறந்தது. நீலக் கோட்டுகள் வெளியே வந்தன. அழகாக, வரிசையாக, பழக்கிய மாதிரியே வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள்.

சேவல் முன் கேட்டைப் பார்த்து நின்றது. முதுகு பின் கேட்டுக்கு.

தளபதி அக்கா கையை உயர்த்திப் பின் பக்கம் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் பக்கத்தில் ஸ்பீக்கர் அண்ணனும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. அதை மட்டும் நான் மறக்கப் போவதில்லை. அடுத்த நொடி அவர் கம்பியை எடுத்துக் கேட்டின் இரும்புச் சட்டத்தில் அடிக்க ஆரம்பித்தார். கேட்டை உடைக்கிறவர் மாதிரி அடித்தார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த சில தலைகள் திரும்பின. நான் படத்தைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

அக்கா திரும்பினாள்.

ஏதோ புரிந்து அவள் நின்றுவிடவில்லை. சுவரில் இருக்க வேண்டிய படத்தை இந்தப் பைத்தியம் ஏன் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்ற கோபத்தில்தான் நின்றாள். பிற்பாடு அவளே சொன்னாள். நின்றவள் படத்தைப் பார்த்தாள், தலையைத் தூக்கிச் சேவலைப் பார்த்தாள். அந்தப் பறவையை அவளைப்போலப் பார்த்தவர் உலகத்தில் யாரும் இல்லை. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் பக்கத்தில் ஓடியவளின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அடுத்தவளை முடியைப் பிடித்து இழுத்தாள். "ரிவர்ஸுடி! ரிவர்ஸு! முன்னாடி வாங்க!" கடைசியில் வந்தவர்கள், அசமந்தமாக வந்தவர்கள், பூட்ஸ் எறி வாங்குகிறவர்கள், எல்லோரும் அவளோடு திரும்பினார்கள். முன் கேட் வழியாக என்மேல் மோதிக்கொண்டு தெருவுக்கு வந்து விழுந்தார்கள்.

முன்னால் போனவர்கள் திரும்பவில்லை. நன்றாக ஓடுகிறவர்கள். சொன்னபடி கேட்கிறவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த வெள்ளை இறங்கியது. தளபதி அக்காவின் கை மட்டும் கொஞ்ச நேரம் அதற்கு மேலே தெரிந்தது, இன்னும் பின் கேட்டைக் காட்டிக்கொண்டு.

உள்ளே முகமூடி போட்டிருந்த அத்தானும் ஆபரேட்டரும் சீக்கிரமே வால்வை மூடிவிட்டார்கள். அதற்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. முகமூடியோடு வெளியே வந்த அத்தான், பின் கேட் ஓரம் தரையில் நீலக் கோட்டுகள் கிடப்பதைப் பார்த்தார். "இவங்க ஏன் இந்தப் பக்கம் வந்தாங்க?" என்று கேட்டார். ஒருத்தி மேலே கையைக் காட்டினாள். வால் வெயிலில் மின்னியது.

யாரும் சாகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் ஆஸ்பத்திரியில். தளபதி அக்காவுக்கு ஒரு கண் தேறும், இன்னொன்றைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நானும் அக்காவும் போனபோது இரண்டு கண்ணிலும் கட்டு. அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"யாரு, ஓவியரா?" என்றாள் தளபதி அக்கா. ஸ்பீக்கர் அண்ணனின் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. அதே டயர்க் காற்று. "உன் புருஷன்கிட்ட சொல்லுடி. வால் நல்லாத்தான் இருந்துச்சு."

அத்தான் வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வாங்க என்று அக்கா கூப்பிட்டாள். வரவில்லை. அன்று இரவும் அடுத்த பகலும் அங்கேயே கிடந்தார்.

அந்த அடுத்த பகலில் மேனேஜர் எல்லா ஷிஃப்டையும் முற்றத்தில் கூட்டினார். துணிக்குழலுக்கு அவசர ஆர்டர் போட்டாயிற்று என்றார். அதுவரைக்கும் ஒரே விதி. "சேவல் சரியாத்தான் காட்டுது. நம்ம பழக்கம்தான் தப்பு. இனிமே அலகு பாக்குற பக்கம் ஓடுங்க. அலகு எங்கயோ, ஆளு அங்க. எங்க, எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க." எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் ஒருவரும் சிரிக்காமல். மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். பயம் சொல்லிக்கொடுத்தால் பாடம் ஒரே நாளில் ஏறிவிடும். நானும் சொன்னேன். ஸ்பீக்கர் அண்ணன் உதட்டை அசைத்தார்.

அத்தான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அதற்கு மறுநாள் காலை நான் வேலை முடிந்து வந்தேன். அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டில் சூடாக இல்லை.

"அத்தான் வரலையா?"

"விடியக்காலைல வந்தாரு. மூஞ்சி கழுவுனாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கல. எதையோ பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு." சீப்பை வைத்தாள். "நான் கூட்டத்துல சொன்னதைச் சொல்லணும்னு வாயைத் தொறந்தேன். 'எனக்கு எதுவும் சொல்லாத'ன்னுட்டாரு. சரி, சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

படம் மறுபடி அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூலையில் விரிசல். நான் அதைப் பார்த்துக்கொண்டே சட்டையைக் கழற்றினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தகரத்தை அறுக்கும் கிரைண்டர் சத்தம். மேலேயிருந்து வந்தது.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

கூரை உச்சியில் அத்தான். முகக் கண்ணாடி, காதில் மூடி. சேவலை ஒரு கையால் கழுத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வாலை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. அவர் பார்வையில் அவர் செய்வது நியாயம். கெடுத்ததைத் திருத்துகிறார். பழையபடி ஆக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"நிறுத்துங்க!" அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தினாள். "என்னங்க! வெட்டாதீங்க! எல்லாருக்கும் மாத்திச் சொல்லியாச்சு! வெட்டாதீங்க!"

காதில் மூடி. எங்கே கேட்கப் போகிறது.

ஐந்து இறகும் ஒன்றாகக் கழன்று கூரைச் சரிவில் தடதடவென்று உருண்டு எங்கேயோ விழுந்தன. கிரைண்டர் நின்றது. அத்தான் சேவலை விட்டார். நல்ல காற்று. அது கொஞ்சம் தயங்கியது. பிறகு நெஞ்சைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, ஒரு பாதி வட்டம், திரும்பியது. சுவரில் இருந்த படமும் வெளியே இருந்த சேவலும் இப்போது ஒன்றாக இருந்தன. அறுத்த இடத்தின் கொறகொற ஓரம் உட்பட.

அக்கா ஒரு காலில் செருப்போடு படியில் பாய்ந்தாள். நான் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். கழற்றும்போது ஒருமுறை கீழே பார்த்தேன்.

காலை ஷிஃப்ட் முன் கேட்டில் நுழைந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அரட்டையோடு நுழைவார்கள். இப்போது ஒவ்வொருத்தியும் கேட்டைத் தாண்டும்போது நின்று, அண்ணாந்து, அலகு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியின் உதடும் அசைந்தது. நேற்றுப் படித்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.